உயிர் சார்ந்த மென்பொருளை வெளியாரிடம் ஒப்படைப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போயிங் 737 மேக்ஸ் விமானம் காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்கிறது என்பதை அளக்க அதன் முன்பகுதியில் இருபுறமும் ஒவ்வொரு சென்சார் உண்டு. இரண்டும் முரண்பட்ட அளவுகளைக் காட்டினால் விமானியின் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்ற வேண்டும். எல்லா விமானங்களிலும் தோன்ற வேண்டும். போயிங்கின் வடிவமைப்புத் தேவை அப்படித்தான் இருந்தது. ஆனால் வெளி நிறுவனத்திடமிருந்து அதனிடம் வந்து சேர்ந்த திரை மென்பொருளில், அந்தக் கோணத்தைத் திரையில் காட்டும், விருப்பப்பட்டவர்கள் மட்டும் கேட்டு வாங்கும் ஒரு கோணமானி உள்ள விமானங்களில்தான் அந்த எச்சரிக்கை வேலை செய்தது. விமானங்கள் விநியோகமாகத் தொடங்கிய சில மாதங்களில், 2017இல், போயிங்கின் பொறியாளர்களே இதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த திட்டமிட்ட புதுப்பிப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள்.

அந்த விபத்துகளின் முதன்மைக் காரணம் இந்த எச்சரிக்கை அல்ல. ஒரே ஒரு சென்சாரை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிய வேறொரு கட்டுப்பாட்டு ஏற்பாடு. இருந்தும், மென்பொருள் வேலையை வெளியே கொடுக்கப் போகும் எவரிடமும் நான் முதலில் சொல்வது இந்த எச்சரிக்கையின் கதையைத்தான். கேட்டது சரியாக இருந்தது; வந்தது வேறாக இருந்தது. கோணமானி இல்லாத ஒரு விமானத்தில் எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு சோதனை, விநியோகத்துக்கு முன்பே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். பின்னர் உலகத்துக்குப் பதில் சொல்ல நின்றது, விமானத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்ததோ அந்த நிறுவனம்தான்.

நான் முதலில் வெளி நிறுவனத்தில் சோதனையாளராகவும் பிறகு வேலை கொடுக்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்த பிறகு என் மனத்தில் நின்றது ஒன்றுதான்: வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தப் பொறுப்பை நடைமுறையில் எப்படிச் சுமப்பது என்பதைப் பற்றியது.

படி 1: உங்கள் மென்பொருளின் நிலையை முடிவு செய்யுங்கள்

எந்த நிறுவனத்திடமும் விலை கேட்பதற்கு முன், மென்பொருள் தவறினால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். துறைக்குத் துறை இதற்கெனத் தரநிலைகள் உண்டு. விமானத்துக்கு 2011இல் வெளியான டிஓ-178சி. கார்களுக்கு 2018இல் இரண்டாம் பதிப்பு கண்ட ஐஎஸ்ஓ 26262. மருத்துவக் கருவிகளின் மென்பொருளுக்கு ஐஇசி 62304. ரயில்வேக்கு நீண்ட காலம் இஎன் 50128 இருந்தது. அதன் இடத்துக்கு 2023இல் இஎன் 50716 வந்தது. தொழிற்சாலைக் கட்டுப்பாடுகளுக்கும் வேறு பல துறைகளுக்கும் அடிப்படை ஐஇசி 61508. பெயர்கள் பல, எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கேள்வி, தவறு நேர்ந்தால் யாருக்கு எவ்வளவு கேடு என்பதுதான்.

விமானத் துறையில் ஏ முதல் இ வரை ஐந்து நிலைகள். தவறினால் விமானமே விழக்கூடும் என்றால் ஏ. அந்த நிலைக்கு 71 குறிக்கோள்களை நிறைவேற்றிக் காட்ட வேண்டும்; பி-க்கு 69, சி-க்கு 62, டி-க்கு 26. இந்த எண்களைப் பார்த்தாலே, நிலையைத் தவறாகக் குறித்துவிட்டு விலை பேசுவது எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். கார்களில் ஏசில் எனப்படும் பாதுகாப்பு நிலைகள், ஏ முதல் டி வரை நான்கு. அங்கே டி-தான் மிகக் கடுமையானது. விமானத் துறையிலிருந்து வருபவர்கள் இந்தத் தலைகீழ் வரிசையில் தடுமாறுவதை நேரில் கண்டிருக்கிறேன். மருத்துவத்தில் ஏ, பி, சி என மூன்று வகுப்புகள்; மரணமோ கடுமையான காயமோ நேரக்கூடிய மென்பொருள் சி.

பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் மிக உயர்ந்த நிலையில் வைத்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். செய்யாதீர்கள். பணமும் கவனமும் முக்கியமில்லாத தொகுதிகளில் கரைந்து, உண்மையில் உயிர் தொங்கும் தொகுதிக்கு வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள்.

படி 2: எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது

இடர் பகுப்பாய்வு உங்களுடையது. எந்தச் சூழலில் கருவி பயன்படும், யார் பயன்படுத்துவார்கள், அவர்கள் எப்படியெல்லாம் தவறு செய்வார்கள் என்பதை அறிந்தவர் நீங்கள்தான். அமைப்பு மட்டத் தேவைகள், மென்பொருளை எந்தெந்தத் தொகுதிகளாகப் பிரிப்பது என்ற பெரிய முடிவுகள், கடைசியாக ஏற்றுக்கொள்வதா மறுப்பதா என்ற தீர்ப்பு ஆகியவையும் உங்களிடமே இருக்க வேண்டும். விரிவான வடிவமைப்பு, நிரல் எழுதுதல், தொகுதிச் சோதனை, நிரலின் எந்தப் பகுதிகள் சோதனையில் ஓடின என்ற அளவீடு, ஆவணங்களைச் சரிபார்த்தல் ஆகியவற்றைத் தாராளமாக வெளியே கொடுக்கலாம்.

சோதனையை வெளியே கொடுப்பதில் ஒரு நல்ல பயனும் உண்டு. டிஓ-178சியின் நிலை ஏ-யில் 71 குறிக்கோள்களில் 30ஐ, வேலையைச் செய்தவர் அல்லாத வேறொருவர் சரிபார்த்தாக வேண்டும். ரயில்வே தரநிலையும் உயர்ந்த நிலைகளில் எழுதியவரையும் சோதிப்பவரையும் பிரிக்கிறது. தனி நிறுவனத்தின் சோதனையாளருக்கு நிரலாளரோடு சேர்ந்து உருவாகிய அனுமானங்கள் இருக்காது. அதனால்தான் முடிந்தால் நிரலை ஒருவரிடமும் சோதனையை மற்றொருவரிடமும் கொடுக்கச் சொல்வேன். இரண்டையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்தால், இரு குழுக்களும் தனித்தனி மேலாளர்களின் கீழ் இருக்கிறார்களா என்று கேளுங்கள். காலக்கெடு நெருங்கும்போது சோதனைக் குழுவை அடக்கக்கூடிய ஒரே மேலாளர் இருந்தால், அந்தப் பிரிவு பெயரளவில்தான்.

இன்னொன்று. நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய குறைந்தது இரண்டு பேரை உங்கள் நிறுவனத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் போதாது; அவர் விடுப்பில் போவார், வேலை மாறுவார்.

படி 3: தேவைகளை எழுதுங்கள், இங்கேதான் அதிக நேரம் செலவழியுங்கள்

ஒரே கட்டடத்தில் இருக்கும் நிரலாளர், தேவை ஆவணத்தில் இல்லாததையும் தேநீர் இடைவேளையில் கேட்டுத் தெரிந்துகொள்வார். தொலைவில் இருக்கும் நிரலாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கேள்வி எழுப்புவார், அல்லது ஊகித்துக்கொள்வார். ஊகித்ததை யாரும் அறியமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. "வெப்பம் அதிகமானால் பம்பை நிறுத்த வேண்டும்" என்ற ஒரு தேவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் என்றால் எத்தனை டிகிரி? அந்த அளவைத் தொட்டவுடனா, தாண்டிய பிறகா? ஒரே ஒரு அளவீடு தாண்டினால் போதுமா, தொடர்ந்து இத்தனை மில்லி வினாடிகள் தாண்டியிருக்க வேண்டுமா? எத்தனை மில்லி வினாடிக்குள் பம்பு நிற்க வேண்டும்? சென்சாரின் கம்பி அறுந்து அளவு பூஜ்யம் என்று வந்தால் அது குளிர்ச்சியா, கோளாறா? மின்சாரம் இப்போதுதான் வந்து சென்சார் இன்னும் தயாராகாத நிலையில் என்ன செய்வது? வெப்பம் தணிந்ததும் பம்பு தானாக ஓடலாமா, மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டுமா? பம்பை நிறுத்துவதே ஆபத்தாகும் சூழ்நிலை ஏதேனும் உண்டா? ஒரே வரியிலிருந்து எட்டுக் கேள்விகள். இவற்றுக்கு நீங்கள் பதில் எழுதாவிட்டால், உங்கள் இயந்திரத்தை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் பதில் எழுதுவார்.

என் முதல் திட்டத்தில் ஒரு தேவையில் "உடனடியாக" என்ற சொல் இருந்தது. நிரலாளர் அதை 100 மில்லி வினாடி என்று எடுத்துக்கொண்டார். நான் சோதனை எழுத உட்கார்ந்தபோது ஆவணத்தில் எண் இல்லாததால் நிரலைத் திறந்து பார்த்தேன். அங்கே 100 என்று இருந்தது. 100 என்றே சோதித்தேன். எல்லாம் தேறியது. உண்மையான கருவியோடு இணைத்த நாளில்தான் தெரிந்தது, வாடிக்கையாளர் மனத்தில் இருந்தது 20. கருவி சோதனை மேசையில் இருந்ததால் யாருக்கும் கேடு நேரவில்லை. நிரலைப் பார்த்துச் சோதனை எழுதினால், நிரலாளரின் தவறையே நாமும் நகல் எடுத்து அதற்குத் தேர்ச்சி முத்திரை குத்துகிறோம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அந்த வெட்கம் இன்றும் எனக்கு உதவுகிறது.

சூழலையும் கொடுத்தாக வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் ஏறத்தாழ 40 வினாடிகளில் சிதறியது. திசையையும் வேகத்தையும் கணிக்கும் கருவியின் மென்பொருள், ஏரியன் 4இலிருந்து எடுத்து வைக்கப்பட்டது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடைக்க முயன்றபோது அது பொருந்தவில்லை, கருவி செயலிழந்தது. அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவைப்படவே இல்லை என்பது கூடுதல் வேதனை. விசாரணைக் குழு கண்டறிந்தவற்றில் நமக்கு முக்கியமானது: ஏரியன் 5 செல்லும் பாதையின் தரவுகள் அந்தக் கருவியின் தேவை ஆவணத்தில் சேர்க்கப்படவே இல்லை. கருவியைச் செய்தவர்கள் எந்தப் பாதையில் சோதிக்க வேண்டும் என்று அந்த ஆவணம் சொல்லவில்லை. "பழைய திட்டத்தில் நன்றாக ஓடியது" என்று யாராவது ஒரு தொகுதியை நீட்டும்போதெல்லாம், பழைய சூழலையும் புதிய சூழலையும் எண்ணுக்கு எண் ஒப்பிட்டு ஒரு பட்டியல் கேளுங்கள்.

சரியாக எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் தொலைந்தபோது, தரை மென்பொருள் நியூட்டன் வினாடியில் தரவு தர வேண்டும் என்று இடைமுக ஆவணம் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் மென்பொருள் பவுண்டு-விசை வினாடியில் தந்தது. வேறுபாடு 4.45 மடங்கு. இரு நிறுவனங்களுக்கு நடுவே தரவு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும், ஆவணத்தில் உள்ள அலகு உண்மையான கோப்பிலும் அப்படியே இருக்கிறதா என்று அறிந்த ஒரு மதிப்பைச் செலுத்திப் பாருங்கள். அரை நாள் வேலைதான்.

படி 4: நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

"நாங்கள் டிஓ-178சி சான்றிதழ் பெற்ற நிறுவனம்" என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாகுங்கள். அப்படிப்பட்ட சான்றிதழ் நிறுவனங்களுக்குக் கிடையாது. மென்பொருள் தனியாகவும் ஒப்புதல் பெறுவதில்லை. விமானத்தின், இயந்திரத்தின் ஒரு பகுதியாகத்தான் பெறுகிறது. வேறு சில துறைகளில் நிறுவனத்தின் செயல்முறைக்குச் சான்று வழங்கும் அமைப்புகள் உண்டு. ஆனால் அது அவர்கள் வேலை செய்யும் முறைக்கான சான்று; உங்கள் தயாரிப்பின் பாதுகாப்பை அது உறுதிசெய்வதில்லை.

வண்ணமயமான விளக்கப் படங்களை விட்டுவிட்டு, முந்தைய திட்டமொன்றின் சோதனை அறிக்கையை, வாடிக்கையாளர் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் தோல்வியடைந்த சோதனைகள் இருக்கின்றனவா, அவை எப்படித் தீர்க்கப்பட்டன என்று பாருங்கள். உங்கள் திட்டத்தில் வேலை செய்யப் போகிறவர்களோடு நேரில் பேசுங்கள். விற்பனைக்கு வருபவர்கள் மிகத் திறமையானவர்கள், ஆனால் நிரல் எழுதப் போவது அவர்கள் அல்லர். அனுபவமுள்ளவர்கள் பாதியில் விலகினால் என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தந்தது ஒரு சிறிய முன்னோட்ட வேலை. நான்கு வாரத்தில் முடியும் அளவுக்கு ஒரு தொகுதியைக் கொடுங்கள். அதன் தேவைகளில் ஒன்றை வேண்டுமென்றே இரு பொருள் படும்படி விட்டுவையுங்கள். முதல் வாரத்தில் அதைப் பற்றிக் கேள்வி வந்தால் அந்த நிறுவனத்தோடு மேலே பேசலாம். கேள்வியே இல்லாமல் அழகான நிரல் வந்து சேர்ந்தால், எனக்கு அது நல்ல அறிகுறி அல்ல.

படி 5: ஒப்பந்தம்

ஐஎஸ்ஓ 26262இன் எட்டாம் பகுதி, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் நிறுவனங்களுக்கு இடையே டிஐஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் இடைமுக உடன்படிக்கை வேண்டும் என்கிறது. எந்த ஆவணத்தை யார் எழுதுவார், யார் சரிபார்ப்பார், யார் ஒப்புதல் தருவார் என்று வரிக்கு வரி அதில் இருக்கும். டிஓ-178சியும், தொடக்கத்தில் சமர்ப்பிக்கும் திட்ட ஆவணத்திலேயே வெளி நிறுவனங்களை எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று எழுதச் சொல்கிறது. உங்கள் துறை எதுவானாலும் இத்தகைய அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். "இருவரும் சேர்ந்து" என்று எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர்.

வழக்கறிஞர்கள் மறந்துவிடக்கூடிய, பொறியாளர்கள் வற்புறுத்த வேண்டிய சில விஷயங்கள் உண்டு. பிழை ஒன்று தெரியவந்தால் எத்தனை நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாமல் மூன்றாவது நிறுவனத்துக்கு வேலையைக் கைமாற்றக் கூடாது. நீங்களும் ஒழுங்குமுறை அமைப்பும் எந்த நேரமும் தணிக்கை செய்யலாம். மூல நிரலோடு சோதனைகள், சோதனை முடிவுகள், மதிப்பாய்வுப் பதிவுகள், மூல நிரலை இயங்கு கோப்பாக மாற்றும் கம்பைலரின் துல்லியமான பதிப்பு, உருவாக்கக் கட்டளைகள் எல்லாம் உங்களிடம் வந்து சேர வேண்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் பாதிக்கு மேல் நிரல் அல்ல, அந்த நிரலை ஏன் நம்பலாம் என்பதற்கான சான்று.

பணம் கொடுக்கும் முறையில் கவனம் வையுங்கள். சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் என்றால், ஒரே சோதனை பத்தாகப் பெருகும். பிழையைக் கண்டுபிடித்தால் காலதாமதத்துக்கு அபராதம் என்றால், பிழைகள் கண்ணில் படாது. தேவை ஒன்றின் வடிவமைப்பு, நிரல், சோதனை என்ற முழுச் சங்கிலியும் முடிந்து உங்களால் ஏற்கப்பட்ட பிறகு பணம் என்ற ஏற்பாடு இருவருக்கும் நேர்மையானது.

படி 6: கருவிகள்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். இரு தரப்பும் ஒரே கம்பைலரின் ஒரே பதிப்பை, ஒரே அமைப்புகளோடு பயன்படுத்த வேண்டும். சி மொழி என்றால், பாதுகாப்பாக நிரல் எழுதுவதற்கான மிஸ்ரா விதிகளைப் பின்பற்றச் சொல்லுங்கள். எந்த விதியை மீறினாலும் காரணத்தை எழுதி உங்கள் ஒப்புதல் பெற வேண்டும். ஒரு கருவியின் முடிவை நம்பி மனிதச் சரிபார்ப்பைக் கைவிடுகிறீர்கள் என்றால், அந்தக் கருவியையே தகுதிப்படுத்த வேண்டியிருக்கும். விமானத் துறையில் இதற்கென டிஓ-330 உள்ளது. யார் செலவில் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

படி 7: அன்றாட வேலை

எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே கேள்விப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எண், தேதி, பதில், அதனால் மாறிய தேவை எது என்ற குறிப்பு. தொலைபேசியில் சொன்ன பதில் பதிவேட்டில் ஏறும்வரை பதில் ஆகாது. இரண்டு வேலை நாள்களுக்குள் பதில் தருவேன் என்று நீங்களும் உறுதி கொடுங்கள். வேலை கொடுப்பவர் பதில் தராமல் இழுத்தடிப்பதால்தான் பல ஊகங்கள் பிறக்கின்றன. வெளி நிறுவனத்தில் இருந்த நாள்களில் இதை நான் கசப்போடு அனுபவித்திருக்கிறேன்.

நிரலைப் படிக்கத் தெரிந்த, உங்கள் நிறுவனத்திலேயே உள்ள அந்த இருவரும் வாரந்தோறும் நிரலின் ஒரு பகுதியைத் தாங்களே படிக்கட்டும். பிழைப் பதிவுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். மூன்று மாதமாக ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை என்றால் மகிழ வேண்டாம். அங்கே பிழையைப் பதிவு செய்பவருக்கு என்ன நேர்கிறது என்று விசாரியுங்கள். தவறைச் சொன்ன இளைஞரை எல்லோர் முன்பும் பாராட்டுங்கள். அந்த ஒரு பாராட்டு, பத்துப் பக்க விதிமுறையைவிட வேகமாகப் பரவும்.

தேவை மாறும்போது, எந்த நிரல், எந்தச் சோதனை, எந்த இடர்ப் பகுப்பாய்வு பாதிக்கப்படும் என்ற குறிப்பு இல்லாமல் எந்த மாற்றத்தையும் அனுப்பாதீர்கள், ஏற்காதீர்கள்.

படி 8: சோதனை

முதல் விதியை மேலே என் அனுபவத்திலேயே சொல்லிவிட்டேன்: சோதனை தேவையிலிருந்து பிறக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே, சோதனை எழுதுபவர் முதல் வரைவை முடிக்கும்வரை நிரலைத் திறக்கக் கூடாது என்று சேர்த்தால் நல்லது.

இரண்டாவது, தவறான உள்ளீடுகள். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள். அதில் இருந்த தவறுகளில் ஒன்று எவ்வளவு சிறியது என்று பாருங்கள். சரிபார்க்க வேண்டும் என்று குறிக்கும் ஒரு மாறியில் ஒரு நிலையான மதிப்பை வைப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டினார்கள். ஒரு பைட்டில் அடங்கும் மாறி அது. 256ஆவது முறை அது பூஜ்யத்துக்குத் திரும்பியது. பூஜ்யம் என்றால் சரிபார்க்கத் தேவையில்லை என்று பொருள். அந்த நொடியில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் சோதனை தாண்டப்பட்டுக் கதிர் பாயும். நான்கைந்து முறை ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இது ஒருநாளும் அகப்படாது. எண்ணிகள் நிரம்பும்வரை ஓட்டுதல், பொத்தான்களை மிக வேகமாக மாற்றி மாற்றி அழுத்துதல், சென்சாரை நடுவில் பிடுங்குதல், மின்சாரத்தைப் பாதியில் நிறுத்துதல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் வராது.

மூன்றாவது, நிரல் முழுவதும் சோதனையில் ஓடியதா என்ற அளவீடு. விமானத் துறையின் நிலை சி-யில் நிரலின் ஒவ்வொரு கட்டளையும் ஒருமுறையேனும் ஓட வேண்டும். பி-யில் ஒவ்வொரு முடிவும் ஆம் என்றும் இல்லை என்றும் இரு வழியிலும் போக வேண்டும். ஏ-யில் எம்சி/டிசி, அதாவது ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியே சோதிக்கும் அளவீடு. புதியவர்கள் அஞ்சும் பெயர் இது. ஓர் எடுத்துக்காட்டில் விளங்கிவிடும். விமானத்தின் வேகத்தைக் குறைக்க இயந்திரத்தின் உந்துதலைத் திருப்பும் அமைப்பு: சக்கரம் தரையில் இருந்தாக வேண்டும், அதோடு, விமானி கைப்பிடியை இழுத்திருக்க வேண்டும் அல்லது தானியங்கி உத்தரவிட்டிருக்க வேண்டும். மூன்று நிபந்தனைகள், எட்டுச் சேர்க்கைகள். ஆனால் ஒவ்வொரு நிபந்தனையும் தன்னந்தனியாக முடிவை மாற்றுகிறது என்று காட்டினால் போதும். அதற்கு நான்கு சோதனைகள் போதுமானவை. சக்கரம் தரையில், விமானி இழுத்தார், தானியங்கி இல்லை: இயங்கும். அதே நிலையில் சக்கரத்தை மட்டும் காற்றில் வையுங்கள்: இயங்காது. சக்கரம் தரையில், விமானி இழுக்கவில்லை, தானியங்கி இல்லை: இயங்காது. இதில் தானியங்கியை மட்டும் மாற்றுங்கள்: இயங்கும். முதலும் இரண்டும் சக்கரத்தையும், முதலும் மூன்றும் விமானியையும், மூன்றும் நான்கும் தானியங்கியையும் நிரூபிக்கின்றன.

அளவீட்டில் இடைவெளி தெரிந்தால், அதை நிரப்ப ஒரு சோதனையை அவசரமாக எழுதிச் சேர்ப்பதுதான் வெளி நிறுவனங்களின் இயல்பான நடவடிக்கை. தடுத்து நிறுத்திக் காரணம் கேளுங்கள். சோதனை விடுபட்டிருக்கலாம். தேவையே எழுதப்படாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தேவையில்லாத செத்த நிரலாக இருக்கலாம். அப்படியானால் நீக்க வேண்டும். வேறொரு மாதிரிக்காக வேண்டுமென்றே முடக்கி வைத்த பகுதியாக இருக்கலாம். அப்படியானால் அது தவறி இயங்காது என்று காட்ட வேண்டும். நான்கும் வெவ்வேறு நோய்கள், ஒரே மருந்து உதவாது.

வன்பொருளைக் கணினியில் பாவனை செய்யும் உருவகச் சூழலில் தேறிய சோதனைகளில் ஒரு பங்கை உண்மையான வன்பொருளில் மீண்டும் ஓட்டுங்கள். அந்த வன்பொருளைப் பொருத்திய சோதனை மேசை உங்கள் இடத்திலும் ஒன்று இருக்கட்டும்.

படி 9: தணிக்கையும் ஏற்பும்

தணிக்கைக்குப் போகும்போது ஆயிரம் பக்கத்தையும் புரட்ட முயலாதீர்கள். நீங்களே ஒரு தேவையைத் தேர்ந்தெடுத்து நூல் பிடித்தாற்போல் போங்கள்: வடிவமைப்பு, நிரல், சோதனை, முடிவு, ஒவ்வொன்றையும் சரிபார்த்தவரின் பதிவு. பிறகு எதிர்த்திசையில், நிரலின் ஏதோ ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, இது எந்தத் தேவைக்காக என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் வெளிப்படும். மதிப்பாய்வுப் பதிவுகளின் தேதிகளையும் பாருங்கள். ஒரே பிற்பகலில் ஒருவர் நாற்பது மதிப்பாய்வுகளில் கையெழுத்திட்டிருந்தால், அங்கே கையெழுத்துதான் நடந்திருக்கிறது.

கடைசியில் ஒரே பெரிய தணிக்கை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். விமானத் துறையில் ஒழுங்குமுறையாளர்களின் ஆய்வு திட்டமிடல், உருவாக்கம், சரிபார்ப்பு, இறுதி என நான்கு கட்டங்களில் நடக்கிறது. அதே கட்டங்களில், அவர்களுக்கு முன்பாக நீங்களும் போங்கள். திட்டமிடலில் கண்ட குறையை ஒரு மாலையில் திருத்தலாம். இறுதியில் கண்டால் மாதங்கள் ஓடும்.

படி 10: ஒப்பந்தம் முடிந்த பிறகு

ரயிலும் விமானமும் மருத்துவக் கருவிகளும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கும். நிரலை எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவருடைய நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருக்கலாம். பயன்பாட்டில் பிழை தெரிந்தால் யார், எத்தனை நாளில், எந்தச் செலவில் வருவார் என்பதை ஒப்பந்தம் முடியும் நாளில் பேச ஆரம்பித்தால் தாமதம். அது படி 5இன் ஒரு பகுதியாகவே இருந்திருக்க வேண்டும்.

ஒப்படைக்கும் வாரத்தில் ஒன்றைச் செய்து பாருங்கள். வெளி நிறுவனத்தின் ஆட்கள் யாரும் உதவாமல், உங்கள் இருவரும் புதிய கணினி ஒன்றில், கொடுக்கப்பட்ட ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூல நிரலிலிருந்து இயங்கு கோப்பை உருவாக்கட்டும். அதை அவர்கள் தந்த கோப்போடு பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். பொருந்தினால் இறுதித் தவணையை விடுவியுங்கள். பொருந்தாவிட்டால், வேறுபட்ட முதல் பைட்டுக்கான காரணம் எழுத்தில் வரும்வரை காத்திருங்கள். இதே ஒப்பீட்டை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய இன்றே நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து, அதன் பக்கத்தில் அந்த இருவரில் ஒருவரின் பெயரை எழுதிவையுங்கள்.